மதிலை வளைத்த ராஜபாய்

எங்கள் ஹாஸ்டல் மேட்ரன் ராஜபாய் அக்காவுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் பினாயில். ஆள் வருவதற்கு முன்பே வாடை வந்துவிடும். நாகர்கோவிலில் அந்தக் காலத்தில் கல்லூரிக்கு வந்த பெண்கள் கொஞ்சம்பேர்தான். வெளியூர்ப் பெண்கள் எல்லாரும் அந்த ஒரு ஹாஸ்டலில்தான் கிடந்தோம். என் பெயர் தாணம்மாள், ஊர் தோவாளை, அப்பாவுக்குப் பூ வியாபாரம். “படிக்கப் போன எடத்துல வேதத்துல சேந்துராத மக்கா” என்று சொல்லித்தான் அம்மா டிரங்குப் பெட்டியைப் பூட்டிக் கையில் கொடுத்தாள். நான் கிறிஸ்தவ வேதத்தில் சேரவில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவர் கோயிலில் உட்கார்ந்து, ஒரு மனிதரின் முகம் வெளுத்துப் போவதைப் பார்த்து, வயிறு நிறையப் பாயசம் குடித்த மாதிரி சந்தோஷப்பட்டேன். அதைத்தான் சொல்லப்போகிறேன். பழி வாங்குவது தப்பு என்று நினைக்கிறவர்கள் இங்கேயே எழுந்து போய்விடலாம்.

ராஜபாய் முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சனிக்கிழமை காலையில் நாங்கள் தலையில் எண்ணெய் வைத்துக் கிணற்றடியில் வரிசையாக உட்கார வேண்டும். அவள் பேன்சீப்போடு வருவாள். ஒவ்வொருத்தி முடியையும் முஷ்டியில் பிடித்துக்கொண்டு பேன் பார்ப்பாள். அப்போதுதான் அவள் பாடம் நடக்கும். முடி அவள் கையில் இருப்பதால் யாரும் வெட்கப்பட்டு எழுந்து ஓட முடியாது.

“மாசத் துணிய இருட்டுல ஒளிச்சுக் காயப் போடாதீங்க. வெயிலுல போடுங்க. பாக்கிறவன் பாக்கட்டும். நோய் வந்தா அவனா சொமக்கப் போறான்?” என்பாள்.

பிள்ளை எப்படி உண்டாகிறது, எப்படி உண்டாகாமல் பார்த்துக்கொள்ளலாம், எந்த வலிக்கு டாக்டரிடம் ஓட வேண்டும், எல்லாம் அந்தக் கிணற்றடியில்தான் தெரிந்துகொண்டோம். பஸ்ஸிலோ வகுப்பிலோ எவனாவது கையைப் பிடித்தால் சத்தமாக ‘வேண்டாம்’ என்று சொல்லப் பழக வேண்டும் என்றாள். எங்களைச் சொல்லச் சொன்னாள். நாங்கள் சொன்ன வேண்டாம், பந்தியில் ‘சோறு போதும்’ என்று சொல்வது போல இருந்தது. கையில் இருந்த முடியை ஓர் இழுப்பு இழுத்தாள். அடுத்த வேண்டாமுக்குக் கிணற்றுச் சுவரில் இருந்த காக்கை பறந்துவிட்டது.

அவள் திரும்பத் திரும்பச் சொன்னது சிபிலிஸ் என்கிற மேகநோயைப் பற்றித்தான்.

“ஆம்பிளைக்கு ஒரு புண்ணு வரும். நோவாது. வைத்தியன் பாதரசம் சேத்த ரசமருந்து குடுப்பான், இல்லாட்டா சும்மாவே ஆறிரும். ஆறினதும் அவன் நல்லாயிட்டுன்னு நெனப்பான். புண்ணுதான் போச்சு, நோய் ரத்தத்துல கெடக்கும். கெட்டினவளுக்குக் குடுப்பான். அவ வயித்துல உள்ளதுக்கும் குடுப்பான். மனசிலாச்சா? ஜாதகம் பாக்கியோம், நகை பாக்கியோம், கோயில்ல ஓலை வாசிக்கியோம். எவனாவது ரத்தத்தப் பாக்கியானா? கேக்கணும் பிள்ளைகளே.”

“மாப்பிள்ளைட்ட அத எப்பிடிக்கா கேக்கியது?” என்று ஒருத்தி சிரித்தாள்.

“வாயால.”

யாரோ ஒரு பெண்ணின் தகப்பனார் பிரின்சிபாலிடம் புகார் சொல்லிவிட்டார். பிரின்சிபால் கூப்பிட்டு, மேட்ரனுக்கு எதற்கு இந்தப் பேச்சு என்று கேட்டார். சீப்பை வேண்டுமானால் வாங்கிக்கொள்ளுங்கள், நாக்கு என்னோடுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமையும் பாடம் நடந்தது.

ஐம்பத்தைந்தாம் வருஷம், கிறிஸ்துமஸ் லீவு முடிந்து வந்த முதல் சனிக்கிழமை. தேவகனி சீப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். தக்கலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர்க்காரி. ஊர்ப்பெயரைச் சொல்லப்போவதில்லை, அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பேசவே பயப்படுகிற பெண். இருமல் வந்தால்கூட வெளியே போய் இருமிவிட்டு வருவாள்.

“எனக்குக் கல்யாணம் ஒறப்பிச்சாச்சு அக்கா. பரீச்சைக்கு முன்னாலயே நடத்தணுமாம்” என்றாள்.

“ஆரு மாப்பிள்ளை?”

“எங்க சபையில உள்ளவங்கதான். குழித்துறைச் சந்தையில மொளகு யாவாரம். ஜெபதாஸ்னு பேரு. ரெண்டாங் கெட்டு.”

சீப்பு நின்றுவிட்டது. நான் பக்கத்தில் இருந்தேன். ராஜபாயின் கை தேவகனியின் தலைமேல் அப்படியே இருந்தது. பிறகு அவள் சீப்பைக் கிணற்றுக் கல்லில் வைத்துவிட்டு, உள்ளே போனாள்.

அந்த ஜெபதாஸின் செத்துப்போன முதல் மனைவி தங்கபாய், ராஜபாயின் கூடப்பிறந்த தங்கை. இதை அவள் எங்களிடம் அன்று சாயங்காலம்தான் சொன்னாள்.

தங்கபாய்க்குக் கல்யாணமாகி முதல் கர்ப்பம் கலைந்தது. அடுத்தது செத்துப் பிறந்தது. உடம்பெல்லாம் தடிப்பு. ராஜபாய் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தாள். மேகநோய். புருஷனும் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும், இரண்டுபேரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். ஜெபதாஸ் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. சபைக் கமிட்டிக்குப் போனார். அவர்தான் கமிட்டிச் செயலாளர்.

“எனக்க உடம்புல ஒரு வடு உண்டுமான்னு பாத்துக்கிடுங்க. நோய் அவளுக்குத்தான் இருக்கு. எங்கேருந்து வந்துதுன்னு அவகிட்டயே கேளுங்க” என்றார்.

கமிட்டி கேட்கக்கூட இல்லை. ஜெபதாஸ் சொல்லச்சொல்ல ஒரு விதி போட்டார்கள். அதைப் பிரசங்க மேடையிலிருந்து எல்லாரும் கேட்க அறிவித்தார்கள். இந்த நோய் உள்ளவர் நற்கருணைக்கு வரக்கூடாது. கோயிலில் பின்பெஞ்சில் உட்கார வேண்டும். இந்தச் சபையில் மணம் முடிக்கக் கூடாது. செத்தால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைக்க வேண்டும். தங்கபாய் பின்பெஞ்சில் உட்கார்ந்தாள். அவள் மடியில் வந்து ஏறிய பக்கத்து வீட்டுக் குழந்தையை அதன் தாய் பிடுங்கிக்கொண்டு போனாளாம். இதைச் சொல்லும்போதுதான் ராஜபாய்க்குக் குரல் உடைந்தது, சாவைச் சொல்லும்போது உடையவில்லை.

பெனிசிலின் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தது, கிடைப்பது பெரும்பாடு. போட்டுக்கொண்டிருந்ததையும் பாதியில் நிறுத்தி, செலவும் கேவலமும் போதும் என்று ஜெபதாஸ் தங்கபாயை வீட்டுக்கு இழுத்துப் போனார். நாற்பத்தெட்டில், மூன்றாவது கர்ப்பத்தில், காய்ச்சல் கண்டு செத்துப்போனாள். மதிலுக்கு வெளியே, ஒரு கொல்லாமரத்தடியில், அதாவது முந்திரி மரத்தடியில், சிலுவைகூட நடாமல் புதைத்தார்கள். மாடு கட்டுகிற இடம் அது. ராஜபாய் அந்தச் சபையிலிருந்து தன் பெயரை வெட்டி, நாகர்கோவில் சபையில் சேர்ந்துகொண்டாள்.

“நான் அவனச் சும்மா விட்டேன்னு நெனச்சியளா? காத்துக்கிட்டிருந்தேன்” என்றாள்.

தேவகனி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாய் முதலில் முறையாகத்தான் போனாள். தேவகனியின் அப்பா ஞானதாசனைப் பார்த்து, மாப்பிள்ளைக்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நல்ல ரத்தம் என்றால் நானே வந்து கல்யாணத்துக்குத் தேங்காய் திருவித் தருகிறேன் என்றாள். ஞானதாசன் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசினார்.

“உனக்க தங்கச்சிக்க நாத்தம் ஊரு முழுக்க அடிச்சுது. இப்போ எனக்க மகளுக்க பேரையும் நாறடிக்க வந்தியா? வெளிய போட்டீ!”

அதற்குப் பிறகு அவள் முறை பார்க்கவில்லை.

கிறிஸ்தவர்கள் வழக்கம் எனக்கு அப்போது தெரியாது, ராஜபாய்தான் சொன்னாள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை சொல்ல யாராவது உண்டா என்று போதகர் கேட்பார். அந்த ஞாயிறுகளில் மணப்பெண் கோயிலுக்கு வரக்கூடாது என்பது அந்த ஊர்ப் பழக்கம். முதல் ஞாயிறு யாரும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் ஞாயிறு ராஜபாய் போய்ப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து, போதகர் கேட்டதும் எழுந்து நின்றாள்.

“தடை உண்டு. மேகநோய் உள்ளவருக்கு இந்தச் சபையில கல்யாணம் கெடையாதுன்னு நீங்கதான் விதி போட்டிய. மாப்பிள்ளைக்க ரத்தத்தப் பாத்துட்டு ஓலை வாசிங்க.”

போதகர் ஜான்ரோஸ் புதிதாக மாற்றலாகி வந்தவர், இளவயது. அவர் பதில் சொல்வதற்குள் ஜெபதாஸ் எழுந்தார். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. சிரித்துக்கொண்டே பேசினாராம்.

“தடை சொல்ல இந்தச் சபை அங்கத்தினருக்குத்தான் உரிமை. இந்த அம்மா பேர வெட்டிட்டுப் போனவங்க. வழி தெரிஞ்சா போகச் சொல்லுங்க.”

ஆண்கள் பக்கம் சிரிப்பு. போதகருக்கும் வேறு வழி இல்லை, விதி அப்படித்தான் இருந்தது. ராஜபாய் பஸ் ஏறி ஹாஸ்டலுக்கு வந்து, சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்த வாரம் முழுவதும் ஹாஸ்டல் தரையை அவளே தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நாங்கள் கால் வைக்கப் பயந்தோம்.

சனிக்கிழமை வந்தது. தேவகனி ஊருக்குப் போகப் பெட்டி கட்டி வைத்துவிட்டு, கடைசித் தடவையாகச் சீப்புக்குக் கீழே உட்கார்ந்தாள். ராஜபாய் பாடம் ஒன்றும் சொல்லவில்லை. வாரிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் அந்தச் சபையில நற்கருணை எடுத்தவதானே?” என்றாள் தேவகனி.

“பின்ன?”

“அப்போ நான் அங்கத்தினர்தானே?”

சீப்பு மறுபடியும் நின்றது.

மூன்றாம் ஞாயிறு நானும் ராஜபாயோடு போனேன். நான் போனது பக்தியால் அல்ல, வேடிக்கை பார்க்கவும் அல்ல. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் வாயடைத்துப் போவதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். ஆராதனை ஆரம்பித்த பிறகு தேவகனி வந்தாள். மணப்பெண் ஓலை வாசிக்கிற அன்று கோயிலுக்கு வந்துவிட்டாள் என்று பெண்கள் பக்கம் ஒரே முணுமுணுப்பு. அவள் அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தேவகனி நடுவில் போய் உட்கார்ந்தாள்.

போதகர் வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார்.

“வேண்டாம்!”

கிணற்றடியில் பழகிய அதே வேண்டாம். அந்தக் கோயிலில் காக்கை இருந்திருந்தால் அதுவும் பறந்திருக்கும். தேவகனி எழுந்து நின்றாள்.

“இவங்க ரத்தம் பாக்காம எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். நம்ம சபைக்க விதியும் அதாக்கும்.”

“ஏட்டி, இரிட்டீ!” என்று ஞானதாசன் ஆண்கள் பக்கத்திலிருந்து கத்தினார்.

“நான் அங்கத்தினராக்கும்ப்பா. எனக்கு உரிமை உண்டு.”

எல்லாரும் ஜெபதாஸைப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. இங்கேதான் அவர் தன் குழியைத் தானே வெட்டிக்கொண்டார். பன்னிரண்டு பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு அவருக்குப் புண் வந்ததும், வைத்தியர் ரசமருந்து கொடுத்ததும், புண் வடுவில்லாமல் ஆறியதும் அவருக்குத் தெரியும். ஆறிவிட்டதால் நோயும் போய்விட்டது என்று உண்மையாகவே நம்பினார். எங்கள் ஹாஸ்டலில் பேன் பார்க்க உட்கார்ந்த எந்தப் பெண்ணுக்கும் தெரிந்த விஷயம், சபைக்கே விதி எழுதிய அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

“ரத்தந்தானே? எடுக்கட்டும். போதகரய்யாவே கூட வரட்டும். டாக்டர் சொல்லியத அடுத்த ஞாயிறு மேடையில நின்னு எல்லாருக்கும் சொல்லட்டும். அதுக்குப் பொறவு இந்த அம்மா சபை முன்னால எனக்க காலுல விழணும்” என்று ராஜபாயைக் கை நீட்டிக் காட்டினார்.

“விழுகேன்” என்றாள் ராஜபாய், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் சந்தோஷமாக இருப்பாள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். “நான் சொல்ல வேண்டியதாக்கும் அது. ஏழு வருசம் வாய்க்குள்ள வச்சிருந்தேன். அந்தக் குட்டி எடுத்துச் சொல்லிட்டா” என்றாள். பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “நல்லாத்தான் சொன்னா” என்றாள்.

ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சொன்னதைப் போதகரும் ஜெபதாஸும் ஒன்றாக நின்று கேட்டார்கள். அடுத்த ஞாயிறு கோயிலில் உட்கார இடமில்லை. ஜெபதாஸ் வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வராமல் இருந்தால் ஊரே முடிவு கட்டிவிடும் என்று வந்திருப்பார். போதகர் நல்ல மனிதர், சுருக்கமாக முடித்தார்.

“இந்தக் கல்யாணம் நடக்காது. சபை விதிப்படி சகோதரர் ஜெபதாஸ் பின்னால போய் உக்காரணும்.”

அப்போதுதான் அந்த முகம் வெளுத்தது. முன்வரிசையிலிருந்து பின்பெஞ்சு வரைக்கும் அவர் நடந்ததை நான் ஒரு கணம்கூடக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். தங்கபாய் உட்கார்ந்த அதே பெஞ்சு. பிறகு கீர்த்தனை பாடினார்கள். ராஜபாய்க்கு ராகம் சுட்டுப்போட்டாலும் வராது. அன்றைக்கு அந்தக் கோயிலில் சத்தமாகப் பாடியது அவள்தான்.

ஒருவருடைய நோயைச் சபை நடுவில் சொல்லலாமா என்று பிற்காலத்தில் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடாதுதான். டீச்சராகி நானும் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். ஆனால் மேடையில் சொல்லச் சொன்னது அவர். அந்த விதியைப் போட வைத்ததும் அவர். அவருக்காக இரக்கப்பட எனக்கு நேரமில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஜெபதாஸ் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். சட்டையில் கஞ்சி இல்லை. நாங்கள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டோம்.

“மைனி, கமிட்டி விதிய எடுக்க மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பாங்க. நாளைக்கு நான் செத்தா என்னையும் மதிலுக்கு வெளியதான்...”

“மைனின்னு மொறை வச்சுக் கூப்பிடாதேயும். மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போயி ஊசி போடும். இப்போ மருந்து தாராளமா கெடைக்கு. பாதியில நிறுத்தாம முழுசும் போடும், நல்லாயிருவீரு. எனக்க தங்கச்சியும் நல்லாயிருப்பா, நீரு விட்டிருந்தா.”

“போடுகேன். விதி?”

“நோய் பாவமில்ல. நோய மறைச்சு அவ தலையில கெட்டி வச்சீரே, அதாக்கும் பாவம். இத நீரே கமிட்டியில சொல்லும், விதிய எடுப்பாங்க. எடுத்தா அவளும் மதிலுக்கு உள்ள வரணும்.”

“பெட்டிய இனித் தோண்டவா முடியும்?”

“அவளத் தொடாதேயும். அவ அங்கேயே கெடக்கட்டும். மதில இடிச்சு, அவளச் சுத்திக் கெட்டும். கொத்தனார வச்சுக்கிடும். ஆனா கல்லு சொமக்கியது நீரு.”

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று பார்த்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். தன் பிணம் மாட்டுத் தொழுவில் கிடக்கும் என்ற பயம் ஒரு மனிதனை எவ்வளவு கீழே இறக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். கமிட்டியில் தன் வாயாலேயே சொன்னார். கமிட்டிக்காரர்கள் ஓராண்டு இழுத்தடித்தார்கள், ஏனென்றால் தங்கபாயை வெளியே தள்ளியவர்கள் அவர்களும்தானே. கடைசியில் விதியை எடுத்தார்கள். தேவகனி அதற்குள் இன்டர்மீடியட் முடித்துவிட்டாள். ஞானதாசன் மகளிடம் ஆறு மாதம் பேசவில்லை, அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஐம்பத்தாறு, கோடைக்காலம். இந்தப் பக்கமெல்லாம் தமிழ்நாட்டோடு சேரப்போகிறது, எல்லை எங்கே வரும் என்று டீக்கடை தோறும் ஒரே பேச்சு. நானும் தேவகனியும் ராஜபாயும் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். மதிலில் ஒரு பக்கத்தை இடித்து, கொல்லாமரத்தையும் உள்ளே விட்டு, வெளிப்பக்கமாக வளைத்துக் கட்டினார்கள். கொத்தனார் கல் வைக்க வைக்க, ஜெபதாஸ் வெட்டுகல்லையும் சுண்ணாம்புக் கலவையையும் சுமந்து கொடுத்தார். ஊர்க்காரர்கள் ரோட்டில் நின்று பார்த்தார்கள். குழித்துறைச் சந்தையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். ராஜபாய் தங்கையின் தலைமாட்டில் ஒரு செம்பில் தண்ணீர் வைத்துக்கொண்டு, காலை முதல் உட்கார்ந்திருந்தாள்.

மதியம் வெயில் உச்சந்தலையில் அடித்தது. ஜெபதாஸ் கல்லை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு காய்ந்திருந்தது.

“மைனி, கொஞ்சம் வெள்ளம்...” என்றார்.

ராஜபாய் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கொடுக்கப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். தேவகனியும் அப்படித்தான் நினைத்தாளாம். ராஜபாய் அவரைத் தாண்டிப் போய், சுண்ணாம்புக் கலவை இருந்த சட்டியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் தண்ணீரை ஊற்றினாள்.

“கலவை காஞ்சு போச்சு. அத எடும்” என்றாள்.

அவர் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்தார்.